தீவாந்தரம் போன ஐரிஷ் கைதியின் வாழ்க்கையைத் தேடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1788 முதல் 1868 வரை பிரிட்டன் ஏறக்குறைய 1,62,000 கைதிகளை ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றியது. அவர்களில் சுமார் 40,000 பேர் அயர்லாந்துத் துறைமுகங்களிலிருந்து நேராகப் போனவர்கள். அப்படிப் போன ஒருவரின் வாழ்க்கையைப் பழைய ஆவணங்களில் தேட நினைப்பவர்களுக்கு வழக்கமாக எழும் கேள்விகளும் பதில்களும் இங்கே.

விளங்குவதற்காக ஒரே ஆளைத் திரும்பத் திரும்ப உதாரணம் காட்டுகிறேன். அயர்லாந்தின் டிப்பரேரி கவுண்டியில் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் போன்ற பிரிவு) மொய்கிளாஸ் என்ற ஊரைச் சேர்ந்த ஜான் கெல்லி, 'ரெட்' கெல்லி என்று அழைக்கப்பட்டவர். துப்பாக்கிக் கொள்ளையன் நெட் கெல்லியின் தகப்பனார். மகனைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். தகப்பனாரின் காகிதங்கள்தான் நமக்கு வேண்டியவை. ஒரு சாதாரண ஐரிஷ் ஏழைக் கைதி என்னென்ன தடயங்களை விட்டுச் செல்வாரோ, அவையெல்லாம் அவற்றில் இருக்கின்றன.

தேடலை எங்கே தொடங்குவது? அயர்லாந்திலா, ஆஸ்திரேலியாவிலா?

ஆஸ்திரேலியாவில். அதுவும் மரணத்திலிருந்து பின்னோக்கி. பலர் ஆர்வத்தில் நேரே அயர்லாந்துப் பட்டியல்களில் குதிக்கிறார்கள். அங்கே ஒரே பெயரில் பத்துப் பேர் இருப்பார்கள், அவர்களில் பிடித்த ஒருவரைத் தம் முன்னோர் என்று முடிவு செய்துகொள்வார்கள். அதற்குப் பிறகு கட்டுவதெல்லாம் வேறொருவர் குடும்ப மரமாகிவிடும்.

பிறப்பு, திருமணம், இறப்பை அரசு பதிவு செய்யத் தொடங்கிய ஆண்டு காலனிக்குக் காலனி மாறும். டாஸ்மேனியாவில் 1838 டிசம்பர், விக்டோரியாவில் 1853 ஜூலை, நியூ சவுத் வேல்ஸில் 1856 மார்ச். அதற்கு முந்தைய காலத்துக்குத் தேவாலயப் பதிவேடுகள்தான். விக்டோரியாவின் இறப்புச் சான்றிதழ் மிகவும் விரிவானது. இறந்தவரின் பெற்றோர் பெயர், பிறந்த இடம், காலனியில் எத்தனை வருடம் இருந்தார், எங்கே மணந்தார், பிள்ளைகள் யார் யார் என்று எல்லாம் கேட்டு எழுதுவார்கள்.

ஆனால் அந்த விவரங்களைச் சொன்னவர் யார் என்று கட்டாயம் பாருங்கள். ரெட் கெல்லி 1866 டிசம்பர் 27 அன்று விக்டோரியாவில் ஏவனல் என்ற ஊரில் இறந்தார். மரணத்தைப் பதிவு செய்யப் போனது மகன் நெட், அப்போது ஏறக்குறைய பன்னிரண்டு வயதுச் சிறுவன். அப்பாவின் ஊரையும் தாத்தா பாட்டி பெயரையும் அந்த வயதுப் பையன் எவ்வளவு சரியாகச் சொல்லியிருப்பான்? சான்றிதழில் உள்ளதைத் துப்பாக வைத்துக்கொள்ளலாம். அதையே முடிவான சாட்சியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

பெயரும் ஏறக்குறைய வயதும் தெரியும். போதுமா?

போதாது. கப்பலின் பெயர் வேண்டும்.

காலனி அரசு ஒரு கைதியை அடையாளம் கண்டதே பெயரையும் கப்பலையும் சேர்த்துத்தான். பெயர், கப்பல், வந்த ஆண்டு, விசாரணை நடந்த இடம், தண்டனைக் காலம் ஆகிய ஐந்தும் சேர்ந்தால்தான் ஆள் உறுதியாவார். நம் ஆள் 'பிரின்ஸ் ரீஜென்ட்' கப்பலில் 1842 ஜனவரியில் டாஸ்மேனியாவின் ஹோபார்ட் துறைமுகத்துக்கு வந்த ஜான் கெல்லி, ஏழு வருடத் தண்டனை. ஆண்டைச் சேர்த்துச் சொல்வது முக்கியம், ஏனென்றால் ஒரே கப்பல் பல முறை கைதிகளை ஏற்றி வந்திருக்கும்.

எழுத்துக்கூட்டலை நம்பாதீர்கள். அந்தக் கைதிகளில் பலர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், ஐரிஷ் மொழி மட்டுமே பேசியவர்களும் உண்டு. எழுத்தர் தன் காதில் விழுந்தபடி எழுதினார். 'ஓ', 'மக்' என்ற முன்னொட்டுகள் ஒரு காகிதத்தில் இருக்கும், அடுத்ததில் இருக்காது.

இவர்கள் எல்லாரும் விடுதலைப் போராளிகளா?

இல்லை. பெரும்பாலானவர்கள் திருட்டு வழக்கில் போனவர்கள். ஆடு, மாடு, துணி, கொஞ்சம் பணம். ரெட் கெல்லி 1841-இல் தண்டிக்கப்பட்டது இரண்டு பன்றிகளைத் திருடியதற்காக.

இருந்தாலும் அரசியல் கைதிகள் கணிசமாக இருந்தார்கள். பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக அயர்லாந்தில் நடந்த 1798 எழுச்சி நசுக்கப்பட்ட பிறகு 'மினர்வா', 'ஃபிரண்ட்ஷிப்', 'ஆன்', 'ஹெர்குலிஸ்' போன்ற கப்பல்களில் கிளர்ச்சியாளர்கள் வந்து இறங்கினார்கள். 1804 மார்ச்சில் சிட்னிக்கு அருகே காசல் ஹில்லில் கைதிகள் ஆயுதம் எடுத்தபோது முன்னே நின்றவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான். தலைமை தாங்கிய ஃபிலிப் கன்னிங்ஹாம் தூக்கிலிடப்பட்டார். விக்லோ மலைகளில் ஐந்தாண்டு பிடிபடாமல் போராடிய மைக்கேல் டுவையர் 1806-இல் சிட்னி வந்தார். அவர் வந்த கப்பலின் பெயர் 'டெலிசெரி', நம் மலபார்க் கரைத் தலச்சேரியின் ஆங்கிலப் பெயர். 1848 எழுச்சியின் தலைவர்கள் டாஸ்மேனியாவுக்கும், ஐரிஷ் குடியரசுக்காகப் போராடிய ஃபீனியன் இயக்கத்தார் 62 பேர் 1868 ஜனவரியில் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஃபிரீமாண்டிலுக்கும் அனுப்பப்பட்டார்கள். அந்த 'ஹூகுமாண்ட்' கப்பல்தான் ஆஸ்திரேலியாவுக்குப் போன கடைசிக் கைதிக் கப்பல்.

(தமிழ்நாட்டில் பாளையக்காரர் போர் முடிந்ததும் 1802-இல் சிவகங்கைத் துரைசாமியையும் மற்றவர்களையும் பினாங்குக்கு அனுப்பியதும் இதே காலத்தில், இதே வழிமுறையில்தான்.)

திருட்டுக்கும் போராட்டத்துக்கும் நடுவே பெரிய ஒரு பகுதி இருக்கிறது. குத்தகைத் தகராறு, நிலத்தைவிட்டு விரட்டியவன் வைக்கோல் போருக்குத் தீ வைத்தது, இரகசியச் சங்கங்களில் சேரச் சட்டவிரோத உறுதிமொழி எடுத்தது. இவற்றைக் குற்றப் பட்டியல் ஒற்றை வார்த்தையில் முடித்துவிடும். உங்கள் ஆளின் குற்றம் இந்த வகையாக இருந்தால், உள்ளூர்ச் செய்தித்தாளில் நீதிமன்றச் செய்தியைத் தேடாமல் விடாதீர்கள். 1845-க்குப் பிந்தைய பஞ்ச காலத்து வழக்குகளுக்கும் இது பொருந்தும். கப்பலேறினால் சோறாவது கிடைக்கும் என்று வேண்டுமென்றே தீ வைத்துப் பிடிபட்ட பெண்கள் இருந்தார்கள்.

அயர்லாந்து ஆவணங்கள் எல்லாம் எரிந்துவிட்டன என்கிறார்களே?

பாதி உண்மை. 1922 ஜூன் இறுதியில், உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் இருந்த பொது ஆவணக் காப்பகம் அழிந்தது. 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்குகளில் மிகப் பெரும்பகுதி போயிற்று. 1836-க்கு முந்தைய நாடுகடத்தல் பதிவேடுகளும் போயின.

டப்ளின் கோட்டையில் தனியாக வைத்திருந்த அரசு ஆவணங்கள் தப்பின. நமக்கு வேண்டியதில் முக்கியமானவை அங்கேதான் இருந்தன: 1836 முதலான நாடுகடத்தல் பதிவேடுகள், அதற்கு முந்தைய காலத்துக் கைதிகளின் கருணை மனுக்கள், பின்னால் வந்த கைதிக் கோப்புகள். இப்போது இவை அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. 1988-இல் ஆஸ்திரேலியக் குடியேற்றத்தின் இருநூறாம் ஆண்டுக்கு அயர்லாந்து அரசு கொடுத்த பரிசே இந்த ஆவணங்களின் கணினி அட்டவணைதான். அது இன்று இணையத்தில் கிடைக்கிறது.

எதைத் தவறவிட்டாலும் மனுக்களைத் தவறவிடாதீர்கள். தண்டனை விழுந்ததும் மனைவியோ தாயோ எழுதத் தெரிந்த ஒருவரைப் பிடித்து அரசப் பிரதிநிதிக்கு மனு எழுதுவார்கள். எத்தனை பிள்ளைகள், எவ்வளவு வாடகை பாக்கி, தகப்பன் படுக்கையில் கிடப்பது, பங்குச் சாமியாரும் நிலக்காரரும் போட்ட கையெழுத்து எல்லாம் அதில் இருக்கும். மனு எழுதியவர் கொஞ்சம் கூட்டித்தான் எழுதியிருப்பார், அது எதிர்பார்க்கத்தக்கதே. ஆனாலும் அந்த வீட்டின் குரல் நமக்குக் கேட்கும் ஒரே இடம் பெரும்பாலும் அதுதான்.

ஒரு எச்சரிக்கை: இந்த அட்டவணையில் பெயர் இருந்தால் அவர் தண்டிக்கப்பட்டார் என்றுதான் பொருள். கப்பலேறினார் என்று பொருளல்ல. தண்டனை குறைக்கப்பட்டவர்களும் சிறையிலேயே இறந்தவர்களும் அதில் இருக்கிறார்கள்.

தண்டனைக்கும் கப்பலுக்கும் நடுவே எங்கே இருந்திருப்பார்?

முதலில் கவுண்டிச் சிறை. பிறகு டப்ளின் அல்லது கார்க் துறைமுகத்தில் கப்பலுக்குக் காத்திருப்பு. 1820-களிலும் 30-களிலும் இதற்காகப் பழைய கப்பல்களையே மிதக்கும் சிறையாக வைத்திருந்தார்கள்: டப்ளின் அருகே கிங்ஸ்டவுனில் 'எசெக்ஸ்', கார்க் துறைமுகத்தில் 'சர்ப்ரைஸ்'. 1847 முதல் கார்க் துறைமுகத்தின் ஸ்பைக் தீவு பெரிய சிறையாயிற்று. பெண்களுக்கு 1836 முதல் டப்ளின் கிரேஞ்ச்கார்மன். சிறைப் பதிவேடுகள் நிறையவே மிஞ்சியிருக்கின்றன, இணையத்திலும் தேடலாம்.

கடல் பயணத்தைப் பற்றி ஏதாவது தெரிந்துகொள்ள முடியுமா?

முடியும். 1815-க்குப் பிறகு கைதிக் கப்பல்களில் கடற்படை மருத்துவர் ஒருவர் பொறுப்பாளராகப் போனார். அவர் எழுதிய நாட்குறிப்பில் யாருக்கு என்ன நோய், என்ன மருந்து, யார் இறந்தார் என்று இருக்கும். இவை லண்டன் கியூ பகுதியிலுள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. உங்கள் ஆள் நோயில் விழவில்லை என்றால் அவர் பெயர் வராது, ஆனாலும் அந்த மூன்று நான்கு மாதங்களை அவர் எப்படிக் கழித்தார் என்று புரியும்.

அயர்லாந்துப் பட்டியலில் இருக்கிறார், காலனிப் பட்டியலில் இல்லை. என்ன ஆனார்?

மேலே சொன்னபடி கப்பலே ஏறாமல் இருந்திருக்கலாம். வழியில் இறந்திருக்கலாம். பெர்முடாவுக்கோ ஜிப்ரால்டருக்கோ கப்பல்துறை வேலைக்கு அனுப்பப்பட்டிருக்கலாம், ஆஸ்திரேலியா மட்டுமே தண்டனைக் காலனி அல்ல. அல்லது கப்பலே போய்ச் சேராமல் இருந்திருக்கலாம். 1835-இல் கார்க்கிலிருந்து பெண் கைதிகளையும் அவர்கள் குழந்தைகளையும் ஏற்றிப் புறப்பட்ட 'நீவா', டாஸ்மேனியாவுக்கு வடமேற்கே உள்ள கிங் தீவுக்கு அருகே பாறையில் மோதி உடைந்தது. இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள், பிழைத்தவர்கள் பதினைந்து பேர்.

காலனியின் பதிவேட்டில் என்னதான் இருக்கும்?

நினைத்துப் பார்க்க முடியாத அளவுக்கு இருக்கும். டாஸ்மேனியாவின் கைதி நடத்தைப் பதிவேட்டைத் திறந்தால் உயரம், வயது, நிறம், தலை வடிவம், முடி, மீசை, நெற்றி, புருவம், கண், மூக்கு, வாய், மோவாய் என்று கட்டம் கட்டமாக எழுதியிருப்பார்கள். பச்சை குத்தியது, தழும்பு, இல்லாத விரல். மதம், தொழில், படிப்பறிவு, சொந்த ஊர். வந்திறங்கியபோது எழுதிய 'இண்டென்ட்' எனும் பட்டியலில் ஊரில் விட்டுவந்த பெற்றோர், உடன்பிறந்தார் பெயர்கூடக் கிடைக்கலாம். ஆஸ்திரேலியாவின் கைதி ஆவணங்களை யுனெஸ்கோ 2007-இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது இந்தச் செழிப்புக்காகத்தான்.

இதில் எனக்கு ஆறாத ஒன்று உண்டு. ரெட் கெல்லியைப் போன்ற ஒருவர் பன்றி திருடாமல் ஊரிலேயே கூலிக்காரராக வாழ்ந்து இறந்திருந்தால், ஒரு ஞானஸ்நான வரியும் ஒரு குத்தகைக் கணக்கும் தவிர எதுவும் மிஞ்சியிருக்காது. அவருடைய அண்டை வீட்டுக்காரர்களின் கண் என்ன நிறம் என்று இன்று ஒருவருக்கும் தெரியாது. தண்டித்த அரசுதான், தப்பினால் பிடிக்க வேண்டுமே என்பதற்காக, அந்த ஏழையின் முகத்தை எழுதி வைத்தது. ஆகவே ஒவ்வொரு காகிதத்தையும் கையில் எடுக்கும்போது, இது எதற்காக எழுதப்பட்டது என்று கேளுங்கள். நடத்தைப் பதிவேடு குற்றத்தை எழுதுவதற்கான புத்தகம். குடித்திருந்தார், வேலைக்கு வரவில்லை, எதிர்த்துப் பேசினார், இத்தனை நாள் தனிச் சிறை என்றுதான் அதில் வரும். சக கைதிக்கு உதவியது, பாட்டுப் பாடியது, ஊரை நினைத்து அழுதது எதுவும் வராது. பதிவேட்டில் நீளமான பக்கம் உள்ளவர் கெட்டவர் என்றும், வெற்றுப் பக்கம் உள்ளவர் நல்லவர் என்றும் எழுதிவிடாதீர்கள். பிடிபட்டார், பிடிபடவில்லை என்பதற்கு மேல் அந்தப் பக்கம் எதையும் நிரூபிக்காது.

நியூ சவுத் வேல்ஸ் ஆவணங்கள் வேறு வடிவில் உள்ளன. அங்கே டாஸ்மேனியாவைப் போல முழு நடத்தைப் பதிவேடுகள் மிஞ்சவில்லை. இண்டென்ட், ஆள் கணக்கெடுப்புகள், அனுமதிச் சீட்டுகள், மன்னிப்புகள், நீதிமன்றப் பதிவுகள் என்று துண்டு துண்டாகச் சேர்க்க வேண்டும். 1820-களின் நடுவிலிருந்து வரும் இண்டென்ட்களில் சொந்த ஊர் இருக்கும், ஆனால் பலருக்குக் கவுண்டி மட்டும்தான். தொடக்ககாலத்து ஐரிஷ் கப்பல்கள் சில, கைதிகளின் தண்டனை விவரமே இல்லாமல் வந்தன. 1795 முதல் 1800 வரை கவர்னராக இருந்த ஹண்டர் இதைப் பற்றிப் புகார் எழுதினார். தண்டனை எப்போது முடிகிறது என்று காட்டக் காகிதம் இல்லாததால், முடிந்த பிறகும் விடுதலை கேட்டுப் போராடியவர்களை நினைத்துப் பாருங்கள்.

டிக்கெட் ஆஃப் லீவ், விடுதலைச் சான்றிதழ், மன்னிப்பு. இவற்றில் என்ன வித்தியாசம்?

டிக்கெட் ஆஃப் லீவ் எனும் அனுமதிச் சீட்டு, தண்டனைக் காலத்துக்குள்ளேயே தனக்காக வேலை செய்து சம்பாதிக்க அனுமதி. குறிப்பிட்ட வட்டாரத்தைத் தாண்டக் கூடாது. நியூ சவுத் வேல்ஸில் ஒழுங்காக நடந்துகொண்டால் ஏழு வருடத் தண்டனைக்கு நான்கு வருடத்திலும், பதினான்குக்கு ஆறிலும், ஆயுளுக்கு எட்டிலும் கிடைக்கலாம்.

விடுதலைச் சான்றிதழ் தண்டனை முடிந்தவருக்கு. ஆயுள் தண்டனை முடிவதே இல்லை என்பதால் அவர்களுக்கு இது கிடையாது, மன்னிப்பு மட்டும்தான். நிபந்தனை மன்னிப்பு பெற்றவர் தாய்நாட்டுக்குத் திரும்ப முடியாது. முழு மன்னிப்பு பெற்றவர் திரும்பலாம்.

தண்டனைக் காலத்தைக் கப்பல் வந்த நாளிலிருந்து கணக்கிடாதீர்கள், தீர்ப்பு நாளிலிருந்து கணக்கிடுங்கள். ரெட் கெல்லி தண்டிக்கப்பட்டது 1841 ஜனவரியில், ஹோபார்ட் வந்தது 1842 ஜனவரியில், விடுதலைச் சான்றிதழ் கிடைத்தது 1848 ஜனவரியில். ஏழு வருடம் சரியாகப் பொருந்துகிறது. இப்படிப் பொருந்தவில்லை என்றால் வேறொரு ஆளின் காகிதத்தைப் பார்க்கிறீர்கள், அல்லது நடுவில் கூடுதல் தண்டனை விழுந்திருக்கிறது.

பெண் கைதியைத் தேடுவது கடினமா?

ஆமாம், பெயர் மாறுவதால். திருமணமானவர் பிறந்த வீட்டுப் பெயரிலும் தண்டிக்கப்பட்டிருக்கலாம், கணவர் பெயரிலும் தண்டிக்கப்பட்டிருக்கலாம். காலனியில் மறுபடி மணந்தால் இன்னொரு பெயர். அவர் எத்தனை முறை மணந்தாலும் கைதிப் பதிவேட்டில் மட்டும் வந்திறங்கிய பெயரும் கப்பலும் மாறாது, அதனால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கைதி மணம் புரிய அரசின் அனுமதி வேண்டும். அந்த விண்ணப்பப் பதிவுகள் மிகவும் உதவும், இருவரின் கப்பலும் அதில் இருக்கும். ஹோபார்ட்டின் கேஸ்கேட்ஸ், சிட்னிக்கு மேற்கே பாரமட்டா ஆகிய இடங்களில் இருந்த பெண்கள் தொழிற்கூடச் சிறைகளின் பெயர் அடிக்கடி வரும். கர்ப்பமானவர்களையும் தண்டனை பெற்றவர்களையும் வேலை கிடைக்காதவர்களையும் அங்கேதான் வைத்தார்கள்.

தாயோடு கப்பலில் வந்த பிள்ளைகளை மறந்துவிடாதீர்கள். ஹோபார்ட்டில் அவர்களைத் தாயிடமிருந்து பிரித்து நியூ டவுன் அநாதைப் பள்ளியில் சேர்த்தார்கள். தாய் உயிரோடு சில மைல் தூரத்தில் இருக்கும்போதே. அந்தப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் தாயின் பெயரும் கப்பலும் இருக்கும். ஒரு பெண்ணின் தடம் மற்ற எல்லா இடத்திலும் அறுந்துபோனாலும் சில சமயம் இங்கே பிள்ளை வழியாகக் கிடைத்துவிடும்.

ஊரில் விட்டுவந்த மனைவி மக்கள் பின்னால் வந்தார்களா?

சிலர் வந்தார்கள். நல்ல நடத்தையுள்ள கைதி, மனைவியையும் பிள்ளைகளையும் அரசு செலவில் அழைத்துவர விண்ணப்பிக்கலாம். அயர்லாந்துக் காப்பகத்தில் இதற்கென 1828 முதல் 1852 வரையிலான தனித் தொகுப்பே இருக்கிறது. வராதவர்கள் பலர். பல வருடம் கழிந்தபின், கடலுக்கு அப்பால் துணை இருந்தும் இரு பக்கமும் வேறு குடும்பம் அமைத்துக்கொண்டதைப் பார்ப்பீர்கள். அவர்களைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நமக்கு உரிமையில்லை என்பது என் எண்ணம்.

எங்கள் முன்னோர் கைதியல்ல, சுதந்திரமாக வந்தவர் என்று குடும்பத்தில் சொல்கிறார்கள். நம்பலாமா?

சரிபாருங்கள். பல தலைமுறைகளுக்குக் கைதி வம்சம் என்பது மறைக்க வேண்டிய அவமானமாக இருந்தது. வான் டீமன்ஸ் லேண்ட் என்ற தீவே 1856-இல் டாஸ்மேனியா என்று பெயரை மாற்றிக்கொண்டது, பழைய பெயரில் ஒட்டியிருந்த கறையைக் கழுவத்தான்.

நியூ சவுத் வேல்ஸின் 1828 கணக்கெடுப்பில் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே சுருக்கெழுத்து உண்டு. 'சி.எஃப்.' என்றால் வரும்போதே சுதந்திரமானவர், 'எஃப்.எஸ்.' என்றால் தண்டனை முடித்து விடுதலையானவர், 'பி.சி.' என்றால் காலனியில் பிறந்தவர்.

விடுதலைக்குப் பின் ஆள் மாயமாகிவிடுகிறாரே?

அரசு கண்காணிப்பை நிறுத்திவிட்டது, அவ்வளவுதான். டாஸ்மேனியாவில் விடுதலையானவர்களில் எத்தனையோ பேர் பாஸ் நீரிணையைக் கடந்து விக்டோரியாவுக்குப் போனார்கள், 1851-இல் தங்கம் கிடைத்த பிறகு இன்னும் அதிகமாக. லான்செஸ்டனிலிருந்து புறப்பட்டவர்களின் பட்டியல்கள் டாஸ்மேனியக் காப்பகத்தில் உண்டு. ரெட் கெல்லியும் அப்படிப் போனவர்தான். 1850 நவம்பர் 18 அன்று மெல்பர்ன் புனித பிரான்சிஸ் தேவாலயத்தில் எல்லன் குவினை மணந்ததில் அவரை மறுபடி பார்க்கிறோம்.

பிறகு 1865-இல் ஏவனலில் ஒரு மாட்டுத்தோலை முறைகேடாக வைத்திருந்ததாக வழக்கு, அபராதம் 25 பவுண்டு. அந்தக் காலத்தில் கூலிக் குடும்பத்துக்கு அது தாங்க முடியாத தொகை. அதாவது மணமும் வழக்கும் மரணமும் கிடைக்கின்றன. நடுவில் உழுதது, பால் கறந்தது, பிள்ளைகளை வளர்த்தது காகிதத்தில் இல்லை.

இந்தக் காலத்துக்கு ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் 'டுரோவ்' தளம் பெரும் துணை. பழைய செய்தித்தாள்களை வார்த்தை வார்த்தையாகத் தேடலாம். பெயரைத் தேடிக் கிடைக்கவில்லை என்றால் ஊரையும் பக்கத்து நிலக்காரரையும் தேடுங்கள். நிலப் பதிவு, கள் மற்றும் சாராயக் கடை உரிமம், மருத்துவமனைச் சேர்க்கை, முதியோர் விடுதிப் பதிவேடு ஆகியவற்றையும் பாருங்கள். மணம் புரியாமல் தனியாக முதுமையடைந்த கைதிகள் ஏராளம், அவர்களில் பலரைக் கடைசியாகப் பார்ப்பது அந்த விடுதிகளில்தான்.

அயர்லாந்தில் அவர் குடும்பத்தைக் கண்டுபிடிக்க முடியுமா?

கிராமத்தின் பெயர் கிடைத்தால் வாய்ப்புண்டு. கவுண்டி மட்டும் தெரிந்தால் மிகக் கடினம். அயர்லாந்தில் 'டவுன்லேண்ட்' எனும் சிறு நிலப்பிரிவுகள் அறுபதாயிரத்துக்கும் மேல், ஒரே பெயரில் பல. விசாரணை நடந்த ஊரைச் சொந்த ஊர் என்று எடுத்துக்கொள்வதுதான் இங்கே எல்லாரும் விழும் குழி. வழக்கு கவுண்டியின் நீதிமன்ற ஊரில் நடக்கும், அவர் வீடு முப்பது மைல் தள்ளி இருக்கலாம்.

1823-37 காலத்துத் தசமபாக வரிப் பதிவேடுகளும் (தேவாலயத்துக்காக நிலத்தின் மேல் விதித்த வரி), 1847-64 காலத்துக் 'கிரிஃபித் மதிப்பீடு' எனும் நில மதிப்பீட்டுப் பதிவும் அந்தக் குடும்பப் பெயர் எந்தப் பகுதியில் இருந்தது என்று காட்டும். கத்தோலிக்கப் பங்குப் பதிவேடுகளை அயர்லாந்து தேசிய நூலகம் 2015 முதல் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. லத்தீனில் எழுதிய பெயர்களுக்குக் கண் பழக வேண்டும். பல பங்குகளில் 1820-க்கு முன் பதிவேடே கிடையாது, அப்போது தேடல் அங்கேயே நின்றுவிடும்.

எவ்வளவு செலவாகும்?

அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தின் நாடுகடத்தல் அட்டவணை, டாஸ்மேனியக் காப்பகத்தின் பெயர் அட்டவணையும் பதிவேட்டுப் படங்களும், நியூ சவுத் வேல்ஸ் காப்பகத்தின் அட்டவணைகள், டுரோவ் எல்லாமே இலவசம். பிறப்பு இறப்புச் சான்றிதழ்களுக்கும், தனியார் வம்சாவளித் தளங்களுக்கும் கட்டணம் உண்டு. பல பொது நூலகங்களில் அந்தத் தளங்களை உறுப்பினர்கள் காசில்லாமல் பார்க்கலாம், சந்தா கட்டும் முன் உங்கள் ஊர் நூலகத்தில் கேளுங்கள்.